தில்லியின் வாகனப் புகை: எந்த நடவடிக்கை பலன் தந்தது?

கேள்வி:
தில்லியில் 2016 ஜனவரி 1 முதல் 15 வரை, ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படைப் பதிவெண் கொண்ட கார்களும் இரட்டைப்படைத் தேதியில் மற்றவையும் மட்டுமே ஓடலாம் என்று கட்டுப்பாடு விதித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே பேருந்துகளும் ஆட்டோக்களும் சி.என்.ஜி. எனும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட்டன. இவற்றுள் எது உண்மையில் பயன்பட்டது என்பதை விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
என் கணிப்பில் சி.என்.ஜி. மாற்றமே பெரிது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-இல் தொடுத்த பொதுநல வழக்கில், நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் ஆணையிட்டது. கெடு தள்ளிப்போய், 2002 இறுதியில்தான் டீசல் நகரப் பேருந்துகள் ஒழிந்தன. பிறகு பெருகிய கார்களும் இருசக்கர வாகனங்களும் அந்தப் பலனைத் தின்றுவிட்டன என்பது வேறு கதை. ஒற்றை, இரட்டைத் திட்டத்தில் இருசக்கர வாகனங்களுக்கும் தனியே கார் ஓட்டும் பெண்களுக்கும் விலக்கு இருந்தது. நெரிசல் குறைந்தது, காற்று தெளிந்ததாக அடித்துச் சொல்ல இயலாது.

மறுமொழி 2:
முந்தைய நண்பர் எரிபொருளின் தரத்தை விட்டுவிட்டார். பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) என்பது இந்தியாவின் வாகன மாசு விதிமுறை. அதன் நான்காம் நிலையான பி.எஸ். 4 டீசலில் பத்து இலட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம், பி.எஸ். 6-இல் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகம் மிகுந்தால் புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் பொருத்தும் வினையூக்கிகள் கெட்டுவிடுவதால், நல்ல எரிபொருள் கிடைக்காமல் நல்ல வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்து பயனில்லை. பி.எஸ். 6 எரிபொருள் தில்லிக்கு 2018 ஏப்ரலிலும் நாடு முழுவதற்கும் 2020 ஏப்ரலிலும் வந்தது. ஆனால் பழைய லாரி ஒரே நாளில் மறைந்துவிடாது.

மறுமொழி 3:
இருவர் கூறியதும் சரியே. ஆனால் நவம்பர் மாதப் புகைமூட்டத்தை வைத்து இவற்றை எடைபோடக் கூடாது. அப்போது பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்கும் வைக்கோல் தாளின் புகையும், காற்று அசையாத குளிரும் சேர்ந்துகொள்கின்றன. வாகனத்தின் பங்கை அறிய வேண்டுமானால் ஆண்டு முழுவதையும் பார்க்க வேண்டும். இன்னொன்று: நாம் வாங்கும் புகைச் சான்றிதழ், பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடு முதலிய வாயுக்களையும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியையும்தான் பார்க்கிறது. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் பி.எம். 2.5 நுண்துகளை அது அளப்பதே இல்லை.