செவிலியர்கள் விலகிச் செல்வதை எங்கிருந்து தடுக்கத் தொடங்குவது?

கேள்வி

நான் ஒரு மருத்துவமனையில் பணியாளர் நியமனப் பொறுப்பில் இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிய செவிலியர்களைச் சேர்க்கிறோம்; அவர்களில் கணிசமானோர் இரண்டாம் ஆண்டு நிறைவதற்குள் விலகல் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். 2030ஆம் ஆண்டில் உலக அளவில் 1 கோடிக்கும் அதிகமான சுகாதாரப் பணியாளர்கள் பற்றாக்குறையாக இருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. எங்கள் நிர்வாகக் கூட்டங்களிலோ பயிற்சி இடங்களைக் கூட்டுவது, வெளிநாடுகளிலிருந்து ஆள் எடுப்பது என்ற இரண்டு யோசனைகளே திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகின்றன. இரண்டும் வருவோரைப் பற்றியவை. போவோரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இருப்பவர்களைத் தக்கவைக்க எதை முதலில் செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராக இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஒரு செவிலியரின் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் என்ற கணக்கிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வில், ஒரு செவிலியரிடம் கூடுதலாக ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் கடும் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடும் அதிகமாகக் காணப்பட்டன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், ஒரு செவிலியரிடம் இத்தனை நோயாளிகளுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது என்று வரம்பு வைக்க 1999இல் சட்டம் இயற்றி, 2004இல் நடைமுறைப்படுத்தியது.

பணியில் சேர்ந்த மூன்றாம் மாதத்தில், ஓர் இரவு முப்பது படுக்கைகளுக்கு நான் ஒருத்தியே நின்றேன். விடியற்காலையில் ஒருவருடைய இரத்த அழுத்தம் சரிந்திருப்பதைக் கண்டு மருத்துவரை அழைத்தபோது, எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டார், ஆனால் என்னுடன் சேர்ந்த தோழிகள் இருவர் இத்தகைய இரவுகளைத் தாங்க முடியாமல்தான் இந்தத் தொழிலையே விட்டார்கள். அவர்களுக்குச் சம்பளம் ஒரு காரணமே அல்ல என்று சொல்லமாட்டேன். முதல் காரணம் அதுவல்ல.

மறுமொழி 2

நான் நகரத்திலிருந்து தொலைவில் உள்ள சிறிய மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். எங்களைப் போன்ற இடங்களில், யாரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கிறோம் என்பதே யார் தங்குவார்கள் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மொசாம்பிக் நாடு 1984 முதல், மருத்துவப் பட்டம் இல்லாத இடைநிலைப் பணியாளர்களுக்கு மூன்றாண்டு அறுவைச் சிகிச்சைப் பயிற்சி அளித்துவந்தது. பயிற்சி முடித்து ஏழு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தார்கள். அங்கு அனுப்பப்பட்ட மருத்துவர்களோ ஏறக்குறைய அனைவரும் வெளியேறியிருந்தார்கள். ஊரகப் பின்னணி உள்ள மாணவர்களுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2010இலேயே பரிந்துரைத்தது. எனினும், மேற்பார்வையும் ஊதிய உயர்வும் இல்லாமல் மருத்துவரின் வேலையைச் செவிலியரிடமும், செவிலியரின் வேலையை உதவியாளரிடமும் இறக்கிவைப்பதைப் பணிப்பகிர்வு என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நோயாளி எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதானால் உடனே இன்னும் பலரை நியமிக்க வேண்டும். இந்த ஆண்டு நிதிநிலை அதற்கு இடம்தராது. இருக்கும் ஆட்களைக் கொண்டே தொடங்க வழியுண்டா? வெளிநாட்டு நியமனம் பற்றியும் கூறுங்கள்.

மறுமொழி 1

புதிதாகச் சேர்ந்தவரை முதல் ஆறு மாதங்களுக்கு இரவில் தனியே விடாதீர்கள். அவருக்குத் துணையாக மூத்த செவிலியர் ஒருவரை நியமியுங்கள். அந்த மூத்தவரிடம் உள்ள நோயாளிகளையும் குறைத்துவிட்டு அந்தப் பொறுப்பைக் கொடுங்கள், இல்லாவிட்டால் மூத்தவரும் சோர்ந்துவிடுவார். மருந்தகத்துக்கு நடப்பது, படிவம் நிரப்புவது போன்ற வேலைகளை வேறு ஊழியர்களிடம் மாற்றினாலே ஒவ்வொரு ஷிஃப்டிலும் கணிசமான நேரம் மிஞ்சும். பணிப்பட்டியலை ஒரு மாதம் முன்னதாக வெளியிடுவதற்குச் செலவே இல்லை.

மறுமொழி 2

வெளிநாட்டு நியமனத்தைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்ற நடத்தை நெறிமுறையைப் படியுங்கள். பற்றாக்குறை மிகுந்த 55 நாடுகளின் பட்டியலை அது 2023இல் வெளியிட்டிருக்கிறது. அவற்றிலிருந்து முனைப்புடன் ஆள் எடுப்பது, நம்மைவிடக் குறைவாக உள்ளவர்களிடமிருந்து எடுப்பதாகும்.

இன்னொன்று. விலகுகிறவரிடம் கடிதம் கொடுக்கும் நாளில் காரணம் கேட்டால், சான்றிதழ் கிடைக்க வேண்டுமே என்று குடும்பச் சூழ்நிலை என்றுதான் சொல்வார். ஆறு மாதம் கழித்து, அவருடைய மேலதிகாரி அல்லாத ஒருவரைக் கொண்டு கேட்டுப்பாருங்கள்.