ராத்கோ படத்துக்குக் கண்ணாடி எதற்கு? மலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

குன்னூர் பனி:
வீட்டு அலங்கார இழையில் நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "அமெரிக்க ஓவியர் ராத்கோவின் வண்ணப் படங்களைப் பிரின்ட் எடுத்து, கண்ணாடி இல்லாமல் பிரேம் போட்டால் நீலகிரியில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது." இவ்வளவு உறுதியாக ஒரு தப்பை எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ. கண்ணாடி போட்டால்தான் தாங்காது. ராத்திரி வெளிச்சுவர் சில்லிட்டுப் போகும். பிரேமுக்குள் அடைபட்ட ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகப் படியும். தாள் அதைக் குடிக்கும். என் அக்கா வீட்டு ஹாலில் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு படம் இருந்தது. இடது கீழ் மூலையில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, எண்ணெய் பட்டதுபோல் மினுங்கியது. பிரித்தபோது மஞ்சள் கண்ணாடியோடு போய்விட்டது, தாளில் வெள்ளைதான் மிச்சம். கேன்வாஸில் பிரின்ட் எடுங்கள், கண்ணாடி வேண்டாம்.

கோத்தகிரி டீக்காரர்:
அந்த "ஒருவர்" நான்தான். எழுதிய இடத்திலேயே பதில் சொல்லியிருக்கலாம், தனி இழை திறந்து ஊரைக் கூட்டியிருக்க வேண்டாம். அக்கா வீட்டுப் படத்துக்கு மவுன்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றிக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் தடித்த அட்டை, வைத்திருந்தார்களா? வைத்திருந்தால் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி இருந்திருக்கும், ஒட்டியிருக்காது. பிரேம் போட்டவரின் தப்புக்குக் கண்ணாடி என்ன செய்யும்? உங்கள் கேன்வாஸை ஐப்பசி மழையில் கழற்றித் திருப்பிப் பாருங்கள். கட்டைக்கும் துணிக்கும் நடுவில் கரும்புள்ளியாகப் பூசணம் பூத்திருக்கும்.

குன்னூர் பனி:
மவுன்ட் போர்டும் தாள்தான் சார், அதுவும் ஈரம் குடிக்கும். முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். ராத்கோ தன் படங்களைக் கண்ணாடி இல்லாமல், பிரேமும் இல்லாமல்தான் மாட்டினார். 1953இல் அவர் வரைந்த 'எண் 61' கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரம். பக்கத்தில் போய், மங்கிய வெளிச்சத்தில் நின்று பார்க்க வேண்டிய படம். அதன்மேல் கண்ணாடி மாட்டினால் கருநீலத்தில் என்ன தெரியும்? உங்கள் டியூப்லைட்டும் ஜன்னல் கம்பியும்தான் தெரியும்.

கொடை ஏரிக்கரை:
3 மீட்டர் படத்தை 2 அடிக்குச் சுருக்கி சோபாவுக்கு மேல் மாட்டிவிட்டு, ராத்கோவின் விருப்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்பது என்ன நியாயம்? அப்புறம், ஈரத்தைப் பற்றி நீலகிரிக்காரர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கொடைக்கானலில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் கட்டில்வரை வரும்.

உதகை பழையவன்:
கொடைக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஊட்டியில் ஆடியிலும் துணி காயாது. இதில் போட்டிக்கு வராதீர்கள்.

கொடை ஏரிக்கரை:
ஆடியில் ஒரு வாரம் இங்கே வந்து தங்கிப் பாருங்கள் ஐயா, அப்புறம் பேசலாம்.

கோத்தகிரி டீக்காரர்:
மழைச் சண்டையை வேறு இழையில் போடுங்கள். குன்னூர் பனிக்கு ஒரு கேள்வி. 2012இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ராத்கோ படத்தின் மூலையில் ஒருவர் மையால் கிறுக்கினார். சரிசெய்ய ஒன்றரை வருடம் ஆனது. முன்னால் கண்ணாடி இருந்திருந்தால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நம் வீட்டில் குழந்தைகள் கையில் ஸ்கெட்ச் பேனா இருக்கிறது. விறகு அடுப்புப் புகையும் இருக்கிறது. கண்ணாடியைத் துடைக்கலாம், கேன்வாஸைத் துடைக்க முடியுமா?

குன்னூர் பனி:
குழந்தைகளை வளர்க்கத் தெரியாதவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் லண்டனைச் சொன்னால் நான் ஹார்வர்டைச் சொல்கிறேன். 1964இல் அங்கே ஒரு சாப்பாட்டு அறையில் ராத்கோவின் 5 படங்களை மாட்டினார்கள். பெரிய ஜன்னல்கள். அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு என்ற நிறமி வெயிலில் வெளிறிப்போய், 1979இல் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். 2014இல் படத்தின்மேல் வண்ண ஒளியைப் பாய்ச்சித்தான் பழைய நிறத்தைக் காட்ட முடிந்தது. அந்த வெயில் எதன் வழியாக உள்ளே வந்தது? ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான். கண்ணாடி எதையும் காப்பாற்றாது.

கோத்தகிரி டீக்காரர்:
அது சாதாக் கண்ணாடி. நான் சொல்வது புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி. விலை அதிகம், ஆனால் கிடைக்கிறது. தெரிந்தே இரண்டையும் குழப்புகிறீர்கள்.

உதகை பழையவன்:
எனக்கு ஒன்று புரியவில்லை. வெள்ளரிக்கொம்பையில் குறும்பர் பழங்குடி ஓவியம் இருக்கிறது, தோடர்களின் பூவேலைப் போர்வையான பூத்துக்குளி இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இவ்வளவு இருக்கும்போது அமெரிக்காக்காரர் படத்தின் நகலுக்கு இத்தனை அடிதடி ஏன்?

குன்னூர் பனி:
குறும்பர் ஓவியமும் என் வீட்டில் இருக்கிறது, அதற்கும் கண்ணாடி போடவில்லை. வெளிநாடு, உள்நாடு என்று பிரிக்காதீர்கள். நம் இந்திய ஓவியர் வி.எஸ். கைத்தொண்டே 1964இல் நியூயார்க் போய் ராத்கோவைச் சந்தித்தவர். மாடிப்படிச் சுவரில் கைத்தொண்டேயின் சாம்பல் நிறப் படம் ஒன்றின் பிரின்ட்டும் தொங்குகிறது, கண்ணாடி இல்லாமல். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் நாலு மூலையிலும் கார்க் துண்டு வைத்திருக்கிறேன், பின்னால் காற்று போய் வருகிறது. ஒரு புள்ளி பூசணம் கிடையாது.

கொடை ஏரிக்கரை:
கார்க் வைத்ததால் பூசணம் இல்லை. கண்ணாடி போட்டு கார்க் வைத்திருந்தாலும் இருந்திருக்காது.

கோத்தகிரி டீக்காரர்:
அதேதான். போன வருடம் ரூம் ஹீட்டர் விவாதத்திலும் இப்படித்தான் இரண்டு விஷயத்தை ஒன்றாக்கினார்.

குன்னூர் பனி:
ஹீட்டர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி, அந்த இழையைத் திறந்து படியுங்கள். கார்க் பின்பக்கம் மட்டும்தான் காற்று கொடுக்கும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் அடைபட்ட ஈரம் எங்கே போகும்? மூன்று பேரில் ஒருவரும் இதற்குப் பதில் சொல்லவில்லை.

கோத்தகிரி டீக்காரர்:
மவுன்ட் போர்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

குன்னூர் பனி:
மவுன்ட் போர்டு இடைவெளிதான் தரும், ஈரத்தை வெளியே அனுப்பாது. நீங்கள் கண்ணாடி போட்ட படம் ஒன்றை இந்த ஐப்பசி முடிந்ததும் கழற்றி, உள்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

கோத்தகிரி டீக்காரர்:
நல்லா மாட்டியிருக்கிற படத்தை உங்களுக்காக நான் எதற்குக் கழற்ற வேண்டும்? முதலில் உங்கள் கேன்வாஸின் பின்பக்கத்தைப் போடுங்கள்.