எல்லா போஸ்ட் டைப்புக்கும் ஒரே மாற்றுப் படம்தான் வருது, சிலதுக்கு அதுவும் வரலை

வெற்றுச்சட்டம்
வணக்கம். வேர்ட்பிரஸ்ல ஓடுற ஒரு இதழ் தளத்தைப் பார்த்துக்கறேன். நாலு போஸ்ட் டைப் (பதிவு வகை) இருக்கு: கட்டுரை, நூல் விமர்சனம், ஒலிப்பதிவு, நிகழ்வு. எழுதி ஏத்தறவங்கள்ல பாதிப்பேர் ஃபீச்சர்டு இமேஜ் (பதிவுக்கு அடையாளமா வர்ற படம்) வைக்கவே மாட்டாங்க. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், படம் இல்லாத பதிவுக்கு வகைக்கு ஏத்த மாதிரி தானா ஒண்ணு வரட்டும்னு விமர்சனத்துக்குப் புத்தகம், ஒலிப்பதிவுக்கு மைக்னு நாலு படமும், எதுலயும் சேராததுக்குப் பொதுவா ஒரு படமும் வரைய வச்சு மீடியா லைப்ரரில போட்டுட்டேன்.

சைல்ட் தீம் (மூலத் தீமைத் தொடாம நம்ம மாற்றங்களை வைக்கற துணைத் தீம்) ஃபங்ஷன்ஸ் கோப்புல போஸ்ட்_தம்ப்நெயில்_ஹெச்டிஎம்எல் ஃபில்டரைப் (வேர்ட்பிரஸ் தர்றதை நடுவுல மாத்த விடற கொக்கி) பிடிச்சு, உள்ளே ஹேஸ்_போஸ்ட்_தம்ப்நெயில்ல படம் இருக்கான்னு பார்த்து, இல்லைன்னா கெட்_போஸ்ட்_டைப்ல வகையைக் கேட்டு, அதுக்கான படத்தைத் திருப்பி அனுப்பறேன். தனிப்பதிவுப் பக்கத்துல கச்சிதமா வருது. மத்த இடத்துல மூணு வம்பு. முகப்புல எல்லா அட்டைலயும் அந்தப் பொதுப் படமே. நிகழ்வுப் பட்டியல்ல ஒண்ணுமே இல்லை. பழைய தளத்துலேர்ந்து இம்போர்ட் பண்ண பதிவுகள் சிலதுல வெறும் பெட்டி. கேஷை (சேமிச்சு வச்ச பக்க நகல்களை) நாலு தடவை காலி பண்ணியாச்சு.

அரைப்புள்ளி
கேஷ் பாவம், விட்டுடுங்க. முகப்புப் பட்டியலை எப்படி எடுக்கறீங்க? கெட்_போஸ்ட்ஸ் போட்டு ஃபார்ஈச்சா (பதிவுகளை ஒவ்வொண்ணா எடுத்து ஓடற சாதாரணச் சுற்று), வேர்ட்பிரஸோட முறையான லூப்பா?

வெற்றுச்சட்டம்
ஃபார்ஈச்தான். தீம் எழுதினவர் அப்படி வச்சிருக்கார். ஒவ்வொண்ணோட ஐடியையும் கொடுத்துத்தான் படத்தைக் கேட்குது.

அரைப்புள்ளி
அப்போ முதல் வம்பு தெளிவு. கெட்_போஸ்ட்_டைப்பை ஐடி கொடுக்காம வெறுங்கையோட கூப்பிட்டா, அது அப்போதைய குளோபல் போஸ்ட் ('இப்போ நடப்புல இருக்கற பதிவு'ன்னு வேர்ட்பிரஸ் வச்சிருக்கறது) எதுவோ அதைத்தான் பார்க்கும். செட்டப்_போஸ்ட்டேட்டா (அந்த நடப்புப் பதிவை மாத்தற வரி) பண்ணாத ஃபார்ஈச்ல குளோபல் போஸ்ட் மாறவே மாறாது. நீங்க இருக்கறது முகப்புப் பக்கம், அதனால ஒவ்வொரு அட்டைக்கும் 'பேஜ்'னே பதில் வருது. உங்க பட்டியல்ல பேஜ் இல்லை, பொதுப் படத்துக்குப் போயிடுது. தனிப்பதிவுல குளோபல் போஸ்ட்டே அந்தப் பதிவுங்கறதால சரியா வந்துச்சு. ஃபில்டர் உங்களுக்கு ரெண்டாவதா போஸ்ட் ஐடியைக் கொடுக்குது, அதை வாங்கி ஹேஸ்_போஸ்ட்_தம்ப்நெயிலுக்கும் கெட்_போஸ்ட்_டைப்புக்கும் கொடுங்க. ஆட்_ஃபில்டர்ல கடைசி எண்ணை 2 ஆக்க மறக்காதீங்க. அது இல்லைன்னா முதல் ஆர்க்யுமென்ட் (உள்ளே வர்ற மதிப்பு) மட்டும்தான் வரும்.

நிகழ்வு டெம்ப்ளேட்டை (பக்கத்தோட அமைப்புக் கோப்பு) திறந்து, படம் வர்ற வரிக்கு மேல 'இஃப் ஹேஸ்_போஸ்ட்_தம்ப்நெயில்' இருக்கான்னு பாருங்க.

வெற்றுச்சட்டம்
இருக்கு! முகப்பு சரியாயிடுச்சு, நன்றிங்க. அந்த இஃப்பைத் தூக்கிடவா?

அரைப்புள்ளி
தூக்கினா இன்னிக்கு வேலை செய்யும். நாளைக்கு தீம் அப்டேட்ல அந்த டெம்ப்ளேட் மாறினா, உங்க சைல்ட் தீம்ல இருக்கற நகல் பழசாவே நிக்கும். டெம்ப்ளேட் கதவுலயே 'படம் இல்லை'ன்னு திருப்பி அனுப்பிடுது, உள்ளே உட்கார்ந்திருக்கற உங்க ஃபில்டரை யாரும் கூப்பிடறதே இல்லை. ஹெச்டிஎம்எல்லைப் பிடிக்கறதை விட்டுட்டு ஒரு படி மேல போங்க. 5.9 பதிப்புல, அதாவது 2022 ஜனவரில, போஸ்ட்_தம்ப்நெயில்_ஐடின்னு ஒரு ஃபில்டர் வந்துச்சு. ஐடியையே மாத்தித் தரலாம். ஹேஸ்_போஸ்ட்_தம்ப்நெயிலும் அந்த ஐடியைத்தான் கேட்குது, அதனால 'இருக்கு'ன்னு சொல்லிடும். டெம்ப்ளேட்டைத் தொடவே வேண்டாம். எஸ்ஆர்சிசெட் (திரைக்கு ஏத்த படத்தை உலாவி எடுத்துக்கற பட்டியல்), அளவுகள் எல்லாம் வேர்ட்பிரஸே பார்த்துக்கும்.

வெற்றுச்சட்டம்
மாத்தினேன். தளமே வெள்ளையாயிடுச்சு. லாக்ல மெமரி தீர்ந்துபோச்சுன்னு வருது.

அரைப்புள்ளி
பழைய ஹேஸ்_போஸ்ட்_தம்ப்நெயில் வரியை அப்படியே உள்ளே விட்டுட்டீங்கதானே? அது ஐடியைக் கேட்கும், ஐடி ஃபில்டரைக் கூப்பிடும், ஃபில்டர் மறுபடி அதையே கேட்கும். நாய் தன் வாலைத் துரத்தற கதை. முதல் ஆர்க்யுமென்ட்டா வர்ற ஐடி பூஜ்யமான்னு மட்டும் பாருங்க.

வெற்றுச்சட்டம்
ஆமா, அதேதான். எடுத்துட்டேன், தளம் வந்துடுச்சு. நிகழ்வுலயும் படம் வருது. இம்போர்ட் பதிவுகள்தான் பாக்கி.

தூசிதட்டி
நடுவுல வர்றேன். இம்போர்ட் பதிவுல வர்றது வெறும் வெள்ளையா, உடைஞ்ச படக் குறியா? ரெண்டும் வேற நோய்.

வெற்றுச்சட்டம்
பெரும்பாலும் வெள்ளை. ஏழெட்டுல உடைஞ்ச குறி. ஒரு விமர்சனத்துல சம்பந்தமே இல்லாம யாரோ மேடைல பேசற படம்.

தூசிதட்டி
மூணுக்கும் மூலம் இம்போர்ட்தான். ஃபீச்சர்டு இமேஜ்னு வேர்ட்பிரஸ் சேமிக்கறது ஒரு எண்ணை மட்டும், _தம்ப்நெயில்_ஐடிங்கற மெட்டால (பதிவோட ஒட்டி நிக்கற கூடுதல் தகவல்). பதிவு வந்து படம் வராம போனா எண் மட்டும் அநாதையா நிக்கும். எண் பூஜ்யம் இல்லையே, அதனால 'படம் இருக்கு'ன்னு நம்பிடும், காட்டப்போனா ஒண்ணும் இருக்காது: வெள்ளை. புதுத் தளத்துல அதே எண் வேற படத்துக்குப் போயிருந்தா உங்க மேடைப் பேச்சாளர் வந்து நிப்பார். அவரை எந்த நிரலும் பிடிக்காது, கண்ணால பார்த்து மாத்தணும்.

வெள்ளைக்கு மருந்து: ஃபில்டர்ல பூஜ்யமான்னு மட்டும் பார்க்காம, அந்த ஐடில நிஜமாவே படம் இருக்கான்னு சொல்ற டபிள்யூபி_அட்டாச்மென்ட்_இஸ்_இமேஜுக்குக் கொடுத்துப் பாருங்க. இல்லைன்னு சொன்னா மாற்றுப் படம்.

உடைஞ்ச குறின்னா பதிவேடு இருக்கு, கோப்பு இல்லை. பழைய தளத்து அப்லோட்ஸ் ஃபோல்டரை மறுபடி நகலெடுங்க. மூலக் கோப்பு இருந்து சின்ன அளவுகள் மட்டும் காணோம்னா டபிள்யூபி-சிஎல்ஐல (வேர்ட்பிரஸோட கட்டளைவரிக் கருவி) மீடியா ரீஜெனரேட் ஓட்டுங்க. ஆன்எரர் (படம் வரலைன்னா ஓடற சின்னக் கட்டளை) போட்டு உலாவில மறைக்கலாம்னு சொல்வாங்க. எனக்குப் பிடிக்காது, காணாமப்போன கோப்பு யார் கண்ணுலயும் படாமலே போயிடும்.

காதால்படிப்பவன்
ஒரு வேண்டுகோள். நான் ஸ்க்ரீன் ரீடர்ல (திரைல இருக்கறதை வாசிச்சுக் காட்டற மென்பொருள்) படிக்கறவன். அந்த மாற்றுப் படங்களோட ஆல்ட் டெக்ஸ்டை (படத்துக்குப் பதிலா வாசிக்கற விளக்கம்) மீடியா லைப்ரரில காலியா விடுங்க. ஒரு தளத்துல 'மைக் படம்'னு பட்டியல் முழுக்க இருபது தடவை கேட்டு மூடிட்டு ஓடியிருக்கேன். அலங்காரத்துக்கு வர்ற படத்துக்கு ஆல்ட் வேண்டாம். ஆனா அட்டைல படம் தனி லிங்க்கா இருந்தா கவனம், காலி ஆல்ட்டால அந்த லிங்க்குக்குப் பேரே இல்லாம போயிடும். தலைப்பையும் படத்தையும் ஒரே லிங்க்குக்குள்ள வைங்க.

வெற்றுச்சட்டம்
ஐயோ, நாலுலயும் விளக்கம் எழுதி வச்சிருந்தேன். காலி பண்ணிட்டேன், லிங்க்கையும் ஒண்ணாக்கிட்டேன். வெள்ளைப் பெட்டியும் போச்சு.

ஆனா புதுசா ஒண்ணு. எடிட்டர்ல திறந்தா ஃபீச்சர்டு இமேஜ் இடத்துலயே புத்தகப் படம் உட்கார்ந்திருக்கு. 'படம்தான் ஏற்கெனவே இருக்கே'ன்னு எழுதறவங்க வைக்கறதையே சுத்தமா விட்டுட்டாங்க.

அரைப்புள்ளி
நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். பிளாக் எடிட்டர் (பதிவு எழுதற திரை) அந்த ஐடியை ரெஸ்ட் (மத்த நிரல்கள் தளத்துல தகவல் கேட்கற வழி) வழியா வாங்குது, அங்கேயும் உங்க ஃபில்டர் ஓடுது. ஃபில்டரோட முதல் வரில, இஸ்_அட்மின் உண்மைன்னா, இல்லை ரெஸ்ட்_ரிக்வெஸ்ட் மாறிலி இருந்தா, வந்த ஐடியை அப்படியே திருப்பி அனுப்பிடுங்க. ரெண்டும் வேணும். எடிட்டர் திறக்கும்போது முதல் தகவல் அட்மின் பக்கத்தோடயே ஏத்தி வருது, அப்புறம் கேட்கறது ரெஸ்ட்ல போகுது. ஒண்ணை மட்டும் போட்டா பாதி நேரம் வேலை செஞ்சு உங்களைப் பைத்தியமாக்கும். மொபைல் ஆப் ஏதாவது ரெஸ்ட்லேர்ந்து படம் எடுத்தா அதுக்கு மாற்றுப் படம் கிடைக்காது, அது உங்க தலைவலி.

தூசிதட்டி
இன்னொண்ணு. இந்த ஐடியைக் கேட்கற எஸ்இஓ (தேடுபொறில தெரிய வைக்கற) ப்ளக்இன் எதுவா இருந்தாலும் பகிர்வுப் படமாவும் இதையே கொடுக்கும். அதனால நாலையும் 1200க்கு 630ல, ஜேபெக்காவோ பிஎன்ஜியாவோ வைங்க. ஏற்கெனவே ஃபேஸ்புக்ல பகிர்ந்த பதிவுக்குப் பழைய முன்னோட்டமே நிக்கும், ஃபேஸ்புக்கோட ஷேரிங் டீபக்கர் கருவில போட்டு மறுபடி எடுக்கச் சொல்லணும்.

நிகழ்வுக்கு மாற்றுப் படமே வேண்டாம்கறது என் கட்சி. பன்னிரண்டு நிகழ்வுக்கும் ஒரே நாட்காட்டிப் படம் வந்தா எல்லாமே ஒரே நிகழ்வு மாதிரி தெரியும்.

வெற்றுச்சட்டம்
ரெண்டு வரியும் போட்டேன், எடிட்டர் காலியாக் காட்டுது. அப்லோட்ஸை நகலெடுத்ததுல உடைஞ்சதுல அஞ்சு சரியாச்சு, மீதி ரெண்டுக்குப் பழைய தளத்துலயே கோப்பு இல்லை, எழுதினவங்ககிட்ட கேட்டிருக்கேன். மேடைப் பேச்சாளரைக் கையால எடுத்தேன், அவர் இன்னும் மூணு விமர்சனத்துல இருந்தார்.

நிகழ்வைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டேன் தூசிதட்டி. பொதுப் படத்துக்கும் போகாம, படம் வர்ற இடத்துல தேதியையே பெரிய எழுத்துல போட்டாச்சு. நாட்காட்டிப் படம் வரைஞ்சவர்கிட்ட மட்டும் இன்னும் சொல்லலை.