கலைச்சொல்: 'செயலற்ற இலக்காக்கல்' வேண்டாமே

வணக்கமுங்க அண்ணா,

நுண்துகளில் அடைத்த நானோ மருந்து புற்றுக்கட்டியில் தானே போய்ச் சேர்வதை ஆங்கிலத்தில் 'passive targeting' என்கிறார்கள். அதற்கு நீங்கள் தந்த 'செயலற்ற இலக்காக்கல்' எனக்கு ஒப்பவில்லை. அங்கே மருந்து எதையும் குறிவைப்பதில்லை. 'செயலற்ற' என்று படித்தால் நோயாளியின் வீட்டார் மருந்தே வேலை செய்யாது என்று பயந்துபோவார்கள்.

கட்டி வேகமாக வளர்கையில் அதன் ரத்தக் குழாய்கள் ஒழுங்காக அமைவதில்லை. சுவர்ச் செல்களுக்கு நடுவே சில நூறு நானோமீட்டர் வரை சந்து விழும். 100 நானோமீட்டர் லிப்போசோம் (மருந்தை உள்ளே வைத்த கொழுப்புக் குமிழி) அந்தச் சந்தில் வெளியேறிவிடும். நல்ல திசுவின் நெருக்கமான குழாய்களில் பெரும்பாலும் முடியாது. சிறுநீரகம் வடிப்பது ஏறக்குறைய 6 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைத்தான், ஆகவே அந்த வழியாகவும் போகாமல் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம், கட்டிக்குள் நிணநீர் வடிகால் சரியில்லாததால் நுழைந்தது எளிதில் வெளியே வராது. 1986-இல் ஜப்பானின் மட்சுமுராவும் மயேதாவும் கசிவு, வடியாமை இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். சொல்லிலும் இரண்டும் வரவேண்டும்.

கீழ்பவானி மண் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு ஊறுகிறது. அதைக் கசிவுநீர் என்கிறோம், கிணற்றைக் குறிவைத்து யாரும் விடுவதில்லை. எனவே 'கசிந்து தேங்கல்' என்று வைக்கலாம். புற்றுச் செல்லின் ஏற்பியை (செல்லின் மேலுள்ள, குறிப்பிட்ட பொருள் வந்து ஒட்டும் புரதத்தை) தேடி ஒட்டும் வகைக்கு 'நாடிச் சேர்தல்'.

பெருந்துறையிலிருந்து தம்பி

*

தம்பி,

'கசிவு' நல்ல சொல்தான். 'தேங்கல்' என்றால் நிறைய நிற்கிறது என்று தோன்றுமே. பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016 கட்டுரையில், செலுத்திய துகள்களில் கட்டிக்குப் போனதன் இடைநிலை மதிப்பு வெறும் 0.7 சதவீதம். கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. எலியில் நன்றாகக் கசிந்தது மனிதரில் ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி மாறுகிறது. அதனால் 'கசிந்து தங்கல்' போதும்.

இன்னொன்று: 2020-இல் வந்த எலி ஆய்வு, துகள்களில் பெரும்பாலானவை சந்து வழியாக அல்ல, குழாய்ச் சுவர்ச் செல்களே வாங்கிக் கடத்தித்தான் உள்ளே போகின்றன என்கிறது. கசிவு ஒரு வழி மட்டும்தான் என்றால், மொத்த நிகழ்வுக்கும் அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது.

கோபியிலிருந்து

*

சரிங்க அண்ணா, பிரித்துவிடுவோம். எந்த வழியில் போனாலும், ஏற்பியை நாடாமல் சேர்வது 'தானாகச் சேர்தல்'. அதில் குழாய்ச் சந்து வழி மட்டும் 'கசிந்து தங்கல்'. 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்சில் என்ற லிப்போசோம் புற்றுமருந்து பற்றிய கட்டுரையில் இரண்டையும் போட்டு எழுதி அனுப்புகிறேன். வாசகருக்கு எங்கே தடுக்கிறது என்று குறித்துச் சொல்லுங்கள்.