மின்னூற்பியா, மின்ராட்டையா?

நண்பர்களே, வணக்கம். மோட்டாரில் ஓடும், கையால் நூல் நூற்கும் சிறு கருவிக்கு (ஆங்கிலத்தில் இ-ஸ்பின்னர்) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று அண்ணன் முன்வைத்த "மின்னூற்பி" இலக்கணப்படி சரிதான், செயலி, கருவி என்ற வரிசையில் ஒழுங்காகவும் நிற்கிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மின்னூல் என்றாலே திரையில் வாசிக்கும் புத்தகம் என்று ஊன்றிவிட்டது. மின்னூற்பி என்று சொன்னதும், புத்தகத்தை மின்னூலாக மாற்றும் மென்பொருளா என்று என் மகள் கேட்டாள்.

இன்னொரு பெயரான "மின்கதிர்" அதைவிடச் சிக்கல். கதிர் அருமையான பழஞ்சொல், ராட்டையில் நூல் ஏறும் கூரான கம்பி. நன்னூல் பாயிரம் நூல் இயற்றுவதை நூல் நூற்பதோடு ஒப்பிட்டு "கதிரே மதியாக" என்று சொல்வது இந்தக் கம்பியைத்தான். ஆனால் மின்கதிர் என்று படிப்பவர் ஒளிக்கதிரைத்தான் நினைப்பார், அதோடு நாம் பேசும் கருவியில் கதிரே கிடையாது.

அது எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் பெயர் தானாக வரும். சிறு பெட்டி, உள்ளே 12 வோல்ட் மோட்டார், முன்னால் கவட்டை மாதிரி இரண்டு கை விரித்த ஒரு துண்டு, அதன் நடுவே நூல் சுற்றிக்கொள்ளும் பாபின். மோட்டார் கவட்டையைச் சுழற்ற நூலில் முறுக்கு ஏறும். பாபினை ஒரு கயிறு லேசாகப் பிடித்துத் தாமதப்படுத்துவதால் அதே நேரத்தில் நூல் சுற்றிக்கொள்ளவும் செய்யும். கதிர் ராட்டையில் ஒரு முழம் இழுத்து, நிறுத்தி, பின் சுற்ற வேண்டிய வேலை இதில் இல்லை. ஆனால் பஞ்சை இழுத்துக் கொடுப்பது முழுக்க விரல்தான். கயிறு கொஞ்சம் இறுகினால் நூல் வெடுக்கென்று கையை விட்டு ஓடும், தளர்ந்தால் முறுக்கு மிஞ்சிச் சுருண்டு நிற்கும், அந்த இழுவையை விரல் நுனியில் உணர்ந்துதான் கயிற்றை இறுக்கும் திருகாணியைத் திருப்ப வேண்டும். இது ஆலை எந்திரம் இல்லை, கைவேலை. அதைக் காட்டும் சொல் நம்மிடம் ராட்டை ஒன்றுதான், அதனால் நான் மின்ராட்டை பக்கம்.

சக்கரம் இல்லாததை எப்படி ராட்டை என்பது என்று அக்கா கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சொல் எப்போதோ அந்தப் பெரிய சக்கரத்தைத் தாண்டிவிட்டது. காந்தியின் எரவாடா சிறைக் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெட்டி ராட்டையை மூடினால் கைப்பெட்டிதான், தூக்கிக்கொண்டு ரயில் ஏறலாம். அப்புறம் அம்பர் ராட்டை. நம் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் வடிவமைத்தது, அவர் பெயரின் நடுத்துண்டைத்தான் அது சுமக்கிறது. பல கதிர்கள், பஞ்சை இழுக்க உருளைகள், பார்த்தால் சின்ன ஆலை எந்திரம் மாதிரி இருக்கும், அதையும் ராட்டை என்றுதான் சொன்னோம். நியூசிலாந்தின் ஆஷ்ஃபோர்டு நிறுவனம் தன் மின் கருவிக்கு இ-ஸ்பின்னர் என்று பெயர் வைத்தபோது, ஸ்பின்னிங் வீல் என்பதிலிருந்த சக்கரத்தை விட்டுவிட்டார்கள், அது அவர்கள் வழி.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். முன்னால் சுழலும் அந்தத் துண்டுக்கு, அதாவது ஃபிளையருக்கு, "சுழல்கவை" வைக்கலாம், கவட்டை வடிவம் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. நூல் நுழையும் முன்துளைக்கு "நூல்வாய்". பாபின் பாபினாகவே இருக்கட்டும், தறிக்காரர்கள் வாயில் பழகிய சொல்.

நம் சொற்பட்டியலில் ஏற்றும் முன் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்பரில் நூற்ற அம்மாவோ பாட்டியோ இருந்தால் படத்தைக் காட்டி, இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் வேறு சொல் சொன்னால் மின்ராட்டையை நான் விட்டுவிடுகிறேன்.