மறு: அபோரோபோபியாவுக்குத் தமிழ்: இல்லாரெள்ளலா, இல்லாரிகழ்ச்சியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அபோரோபோபியாவுக்கு, அதாவது ஒருவர் ஏழை என்பதற்காகவே அவரை ஒதுக்கும் மனநிலைக்கு, 'இல்லாரெள்ளல்' என்று நான் முன்வைத்த தமிழ்ச் சொல்லுக்கு வந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் படித்தேன். தனித்தனியே பதில் எழுதினால் இழை சிக்கலாகிவிடும் என்பதால் ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மறுப்புகளைப் படித்தபிறகு என் முன்மொழிவில் பாதியை மாற்றிக்கொண்டுவிட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக. அபோரோபோபியா என்ற சொல்லை 1990களில் உருவாக்கியவர் ஸ்பெயின் நாட்டு மெய்யியலாளர் அதெலா கோர்த்தினா. பணத்தோடு வருகிற வெளிநாட்டுப் பயணிக்கு எல்லாக் கதவும் திறக்கிறது. பிழைப்புத் தேடி வருகிற வெளிநாட்டுக்காரருக்கு ஒவ்வொரு கதவாக மூடுகிறது. அப்படியானால் அங்கே ஆகாமல் போவது அயல்நாடா, இல்லாமையா? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த சொல் இது. 2017-இல் ஸ்பானிய அரசக் கழகத்தின் அகராதி இதை ஏற்றது. 2021-இல் அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்திலும் நுழைந்தது. ஒருவர் ஏழை என்பதற்காகவே அவர்மேல் குற்றம் இழைத்தால், அந்த நோக்கமே தண்டனையைக் கூட்டும். ஆகவே நமக்கு வேண்டிய சொல்லைத் தீர்ப்பிலும் எழுத முடியவேண்டும், தெருவிலும் சொல்ல முடியவேண்டும்.

> போபியா என்றால் அச்சம்தானே. 'வறியோரச்சம்' என்று நேரடியாக வைத்துக்கொள்வதில் என்ன தடை?

மருத்துவத்தில் அது சரி. இங்கே தடை இருக்கிறது, ஐயா. 'வறியோரச்சம்' என்று தமிழில் படிக்கிற ஒருவர் முதலில் என்ன நினைப்பார்? வறியவர்களுக்கு உள்ள அச்சம் என்றுதான். குறளில் 'இரவச்சம்' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பிறரிடம் கையேந்த நேருமோ என்று இல்லாதவர் படும் அச்சம் அது. நாம் பெயர் வைக்க வந்தது எதிரே நிற்பவரின் மனநிலைக்கு. அந்தப் பெயரே ஏழையின் பக்கம் திரும்பிவிட்டால் வேலை கெட்டுவிடும்.

'வறுமைவெறுப்பு' என்ற பரிந்துரையையும் இதே காரணத்துக்காக ஏற்க முடியவில்லை. வறுமையை வெறுக்கத்தான் வேண்டும். வறுமையை வெறுக்காமல் வறியவரை வெறுப்பதுதான் நம் சிக்கல். 'இன்மையிகழ்ச்சி'க்கும் அதே குறை.

> பெண்வெறுப்பு நிலைபெற்றுவிட்டது. அந்த வழியில் 'ஏழைவெறுப்பு' எல்லோருக்கும் புரியுமே?

புரியும். புரிகிற சொல் என்பதால்தான் இதைத் தள்ள எனக்கு இத்தனை நாள் ஆனது. என் தயக்கம் முதலில் 'ஏழை'யின் மேல், அப்புறம் 'வெறுப்பு' மேல்.

ஏழை என்பது பழந்தமிழில் பணமில்லாதவரைக் குறித்த சொல்லாக நமக்குக் கிடைக்கவில்லை. 'ஏமுற்றவரினும் ஏழை' என்று குறள் சொல்லும்போது (873), துணையின்றித் தனியனாகப் பலரைப் பகைத்துக்கொள்கிறவன் பித்தனைவிட அறிவிலி என்பதே பொருள். ஏழைமை என்றால் அறியாமை. அறிவில்லாதவரைக் குறித்த சொல் எப்படிப் பொருளில்லாதவரின் பெயராக ஆனது? ஒரு சமூகம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினால்தானே இப்படிச் சொல் நகரும்? நகர்ந்தபிறகும் பழைய பொருள் உள்ளே உயிரோடு இருக்கிறது. திரையிலும் தொடரிலும் வருகிற நல்ல ஏழையை நினைத்துப் பாருங்கள். அவர் வெள்ளந்தி. சூது தெரியாது, கணக்குத் தெரியாது, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு ஏமாறுவார். அவரைப் படித்தவர் ஒருவர் வந்து காப்பாற்றவேண்டும். பத்து ரூபாயை முப்பது செலவுக்குப் பிரித்துக் குடும்பம் நடத்துகிறவருக்குத் தெரியாத கணக்கா? ஆனால் கதைக்கு வேண்டியது பழைய 'ஏழை'. செய்தித்தாளில் 'ஏழை மாணவி சாதனை' என்று எழுதும்போதும் அதுதான் நடக்கிறது. தெரியாதவர் தெரிந்துகொண்டுவிட்ட வியப்பு அந்தத் தலைப்பில் இருக்கிறது.

ஏழையாவது பரவாயில்லை. வசைச்சொற்களைப் பாருங்கள். பரதேசி, பஞ்சப்பரதேசி, பராரி, அன்னக்காவடி, ஓட்டாண்டி, வக்கத்தவன், நாதியத்தவன், சோற்றுக்கு வழியில்லாதவன், தரித்திரம் பிடித்தவன். பரதேசி என்றால் வேற்று நாட்டவர், அவ்வளவுதான். அன்னக்காவடி என்பது சோறு இரந்து வாங்கத் தோளில் சுமந்த காவடி. ஒருவர் தோளில் இருந்த சுமையை எடுத்து அவர்மேலேயே எறிகிறோம். ஏதாவது மட்டமாக இருந்தால் 'பிச்சைக்காரத்தனமா இருக்கு' என்கிறோம். செல்வத்தை வைத்து இப்படி ஒரு வசை இருக்கிறதா என்று நானும் தேடிப்பார்த்தேன். 'பணக்காரத் திமிர்' என்போம். அங்கேகூட வசை திமிரில்தான் இருக்கிறது, பணத்தில் இல்லை.

இந்தப் பட்டியலில் 'வழியில்லாதவன்' மட்டும் தனியே நிற்கிறது. கிரேக்க மூலம் 'அபோரோஸ்'. 'அ' என்றால் இன்மை, 'போரோஸ்' என்றால் கடந்துபோகும் வழி, அதிலிருந்து பிழைப்பதற்கான வழி. நாம் 'வழி' என்பதை நடக்கிற பாதைக்கும் பிழைக்கிற வகைக்கும் சேர்த்துச் சொல்கிறோமே, கிரேக்கரும் அப்படியேதான். அதனால் 'வழியற்றோர்' என்ற முன்னொட்டைப் பரிந்துரைத்த அம்மாவின் மடல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 'வழியில்லாதவன்' வாய்ச்சொல்லில் ஏற்கெனவே அடியாகப் பயன்படுகிறது. அடிக்கிற சொல்லையே அடியைக் குறிக்கும் கலைச்சொல்லுக்குள் வைக்க மனம் வரவில்லை.

'இல்லார்' அப்படி இல்லை. இதில்தான் நான் உறுதியாக நிற்கிறேன்.

> என்ன இல்லார் என்ற கேள்வி வராதா? வீடு இல்லாரா, கல்வி இல்லாரா? இல் என்றால் வீடு என்றும் பொருள் வருமே?

தமிழர் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 'இருக்கிறவங்க இல்லாதவங்களுக்குக் கொடுக்கணும்' என்று சொன்னால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்டவர் உண்டா? 'இல்லாரை எல்லாரும் எள்ளுவர்' என்ற குறளிலும் (752), 'இல்லானை இல்லாளும் வேண்டாள்' என்ற நல்வழியிலும் அதே சொல்தான். எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் அறுபடாமல் வந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. இந்தச் சொல் ஒருவரின் நிலையை மட்டும் சொல்கிறது. அவர் எப்படிப்பட்டவர் என்று பேசவில்லை. அவர் அறிவில்லாதவர் என்றோ நலிந்தவர் என்றோ கீழே இருப்பவர் என்றோ அதில் இல்லை. நாளைக்கு இருந்தால் அவர் இல்லாரும் இல்லை.

சரி, சொல்லின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். நான் விட்டுக்கொடுப்பது இங்கேதான்.

> எள்ளல் என்றால் கேலி. சாலையோரம் தூங்குகிறவரை அடித்துப்போடுவதையும் எள்ளல் என்பீர்களா?

இந்த ஒரு வரி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. குறளின் 'எள்ளுவர்' கேலியைவிடப் பெரியது என்று வாதாடலாம். ஆனால் இன்று எள்ளல் என்றால் அங்கதம், கிண்டல். 'எள்ளல் நடை' என்று நூல் மதிப்புரைகளில் பாராட்டாகவே எழுதுகிறோம். அப்படியானால் வெறுப்பா? வெறுப்பில் ஒரு சூடு இருக்கிறது. வெறுக்க வேண்டுமானால் எதிரே இருப்பவரை ஒரு ஆளாகக் கருதியிருக்க வேண்டும். இல்லாரிடம் பெரும்பாலும் நடப்பது அதற்கு முந்தியது. பார்க்காமல் போவது, பேசினால் காதில் வாங்காமல் இருப்பது. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்கிற பழமொழியில் யாரும் யாரையும் வெறுக்கவில்லை.

இங்கே ஒரு பழைய காட்சியையும் நான் நேரில் இருந்த ஒரு காட்சியையும் சொல்லியாக வேண்டும்.

சிறுபாணாற்றுப்படையில் பாணரின் வீட்டு அடுக்களை வருகிறது. கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, பொறுக்க முடியாமல் தாய்நாய் குரைக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். 'மடவோர் காட்சி நாணிக் கடையடைத்து' சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். மடவோர் கண்ணில் படுவதற்கு நாணிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அந்தக் கீரையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த வரியில் 'மடவோர்' யார் என்று பாருங்கள். மடவோர் என்றால் அறிவில்லாதவர். உப்பில்லாமல் சாப்பிடுகிறவளைப் புலவர் அப்படிச் சொல்லவில்லை. வெளியே நின்று பார்க்கிறவர்களைச் சொல்கிறார். நம் 'ஏழை' அறியாமையை இல்லாதவர்மேல் போடுகிறது. அந்த வரி அதைப் பார்க்கிறவர்மேல் போடுகிறது. நம் கலைச்சொல்லும் அந்த வரி நிற்கிற பக்கம் நிற்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

மற்றது, சில ஆண்டுகளுக்கு முன் நிவாரணப் பைகள் கொடுத்த ஓரிடத்தில் நடந்தது. பைகளை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. வயதான ஓர் அம்மா வந்தார், வாங்கினார், நகர்ந்தார். படம் எடுத்தவருக்கு அது சரியாக விழவில்லை. "அம்மா, இன்னொரு தடவை வாங்குங்க, இந்தப் பக்கம் பாத்து" என்றார். அந்த அம்மா திரும்பி வந்து பையை என்னிடம் கொடுத்தார். நான் மறுபடி நீட்டினேன். இந்த முறை வாங்கியவுடன் பையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "முகம் தெரியணும்மா, கொஞ்சம் இறக்குங்க." இறக்கினார். மூன்றாவது முறையும் வாங்கினார். மூன்று முறையும் பையை நீட்டியது என் கை. அங்கே யாரும் அவரை வெறுக்கவில்லை, யாரும் எள்ளவில்லை. எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் நின்றோம். சாத்திக்கொள்ள அவருக்குக் கதவு இல்லை, பைதான் இருந்தது.

இதற்கும் அந்தச் சாலையோர அடிக்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டும். தேடிக்கொண்டு குறளுக்கே திரும்பினேன். 752-க்கு உரை எழுதுகிறவர்கள் எள்ளுவர் என்பதை 'இகழ்வர்' என்று விரிக்கிறார்கள். சரி, இகழ்ச்சி என்றால் அவமதிப்பு. ஆனால் பொச்சாவாமை அதிகாரத்தில் 'இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக' (539) என்று வரும்போது அதே இகழ்ச்சிக்கு மறதி, கவனியாமை என்று பொருள். மதிக்காமல் இருப்பதும் நினைக்காமல் இருப்பதும் தமிழில் ஒரே சொல்! கேலியில் தொடங்கி, காதில் வாங்காமை வழியாக, அடிக்கக் கை ஓங்குவது வரைக்கும் உள்ள நீளத்தை எனக்குத் தெரிந்து வேறெந்தச் சொல்லும் அளக்கவில்லை. அதனால் என் முன்மொழிவை 'இல்லாரிகழ்ச்சி' என்று மாற்றுகிறேன்.

'இல்லார் செய்யும் இகழ்ச்சி' என்று யாராவது பொருள்கொள்வார்களோ என்ற ஐயத்துக்குப் பெண்வெறுப்பே பதில். பெண்கள் வெறுப்பதாக அதை யாரும் படிப்பதில்லை.

'இல்லாரெள்ளல்' வீண்போக வேண்டாம். நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலைத்தான் தொல்காப்பியம் முதலில் வைக்கிறது. கிழிந்த சட்டையையும் பசியையும் காட்டிச் சிரிப்பு வரவழைக்கும் நகைச்சுவைக் காட்சிகளைப் பற்றி எழுதும்போது, இல்லாரிகழ்ச்சியின் ஒரு வகையாக அதை வைத்துக்கொள்ளலாம்.

> உழைக்காமல் ஏழையானவரைக் கண்டிப்பதும் இதில் சேருமா?

இந்தப் பிரிப்பு மிகப் பழையது. இங்கிலாந்தின் 1601ஆம் ஆண்டு ஏழையர் சட்டமே, உழைக்க இயலாதவர், உழைக்க உடல்வலு இருப்பவர் என்று பிரித்துத்தான் உதவியை வகுத்தது. 1697-இல் வந்த இன்னொரு சட்டம், உதவி வாங்குகிறவர் வலது தோளில் ஏழை என்பதைக் குறிக்கும் 'பி' (P) என்ற எழுத்தையும் தம் வட்டாரத்தின் முதலெழுத்தையும் துணியில் தைத்துக்கொள்ளவேண்டும் என்றது. உழைக்க முடியாதவருக்கும் அதே துணிதான். ஒருவர் உழைத்தாரா என்று விசாரிக்காமல், இல்லாதவர் என்று தெரிந்தவுடனேயே உழைக்காதவர் என்று முடிவுகட்டுவது இல்லாரிகழ்ச்சிதான் என்பது என் கருத்து.

அகராதிக் குறிப்பாக இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

இல்லாரிகழ்ச்சி (பெ.) ஒருவர் பொருளில்லாதவர் என்பதற்காகவே அவரை மதியாமலும் பொருட்படுத்தாமலும் நடத்துவது, அந்த மனநிலையிலிருந்து வரும் பேச்சு, விலக்கல், தாக்குதல். 'வீடு வாடகைக்கு மறுக்கப்பட்டது இல்லாரிகழ்ச்சி என்று அவர் முறையிட்டார்.' 'இந்தக் குற்றத்தின் நோக்கம் இல்லாரிகழ்ச்சி என்று நீதிமன்றம் கருதுகிறது.'

பெயரடைதான் இன்னும் சரியாக அமையவில்லை. 'இல்லாரிகழ்ச்சிப் பேச்சு' சரியாக ஒலிக்கிறது. 'இல்லாரிகழும் பேச்சு' என்றால் இல்லார்தான் இகழ்கிறார் என்று ஆகிவிடுகிறது. 'இல்லாரை இகழும் பேச்சு' என்றால் கலைச்சொல் கலைந்துபோகிறது. சட்டத் தமிழில் பழகியவர்கள் இந்த இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே நாக்கு தடுக்குகிறது என்று எழுதுங்கள்.