புதுப்பிப்பு: பழைய 6 வோல்ட் பிக்கப்பில் இண்டிகேட்டர் சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஸ்டியரிங் தண்டில் மாட்டும் இண்டிகேட்டர் சுவிட்ச் பொருத்தியபின், இண்டிகேட்டர் போட்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு சிமிட்டாமல் நின்று எரிகிறது என்று கேட்டிருந்தேன்.

பிளாஷரை (விளக்கைச் சிமிட்ட வைக்கும் பாகம்) மாற்றியும் பலனில்லை. பிரேக் ஒயரை சுவிட்ச் வழியாகக் கொண்டுபோகச் சொன்னதுதான் வேலை செய்தது. முன்பு பிரேக் சுவிட்சிலிருந்து ஒரே ஒயர் இரண்டு பின்விளக்குக்கும் நேராகப் போனது. அதை வெட்டி, இண்டிகேட்டர் சுவிட்சின் பிரேக் முனையில் கொடுத்து, அங்கிருந்து இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஒயர் இழுத்தேன். இப்போது பிரேக்கில் கால் இருந்தாலும் திரும்பும் பக்கம் சிமிட்டுகிறது, மறுபக்கம் நின்று எரிகிறது.

எதிர்பாராதது ஒன்று: ஹெட்லைட் போட்டால் முன் இண்டிகேட்டர் மங்கியது. விளக்குக் கூட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே பெயிண்டும் துருவும், எர்த் சரியாகப் பிடிக்கவில்லை. கூட்டிலிருந்து சேஸிஸுக்குத் தனி எர்த் ஒயர் கொடுத்ததும் பளிச்சென்று எரிகிறது.

அப்புறம், 1955 வரை வந்த ஃபோர்டு பிக்கப்களைப் போல உங்களுடையதும் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேஸிஸோடு இணைந்தது) என்றால், எலக்ட்ரானிக் பிளாஷர் வாங்கும்போது அதற்கு ஏற்றதா என்று பாருங்கள். இரண்டு முனை வெப்ப பிளாஷருக்கு அந்தக் கவலை இல்லை.